டாக்டர் பிர்க்கேயும் நம் குழந்தைகளும்

மணியாச்சி என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தில் தமிழருக்கு நினைவு வருவன 1911-ம் வருஷம் ஜூன் மாதம் 17-ந் தேதியும், ஒரு ரயில் வண்டியும், வாஞ்சிநாதனுமே. அது இயல்புதான். ஆயினும் அந்த ஜங்ஷன் தொடங்கிக் கடம்பூரையும் கடந்து கோவில்பட்டி வரையில் பரந்து கிடக்கும் கரிசற்காட்டு ஊர்களில், ஆரவாரமின்றி உயிர்களைக் கவரும் வேறொரு சத்துருவைப் பற்றி இன்று எழுத முற்படுகிறோம். அரசாங்க ஏடுகள் இக்காலத்தில் காசநோய் என்று குறிப்பிடும் க்ஷயரோகமே அது. பெரியவர்களை அது பீடிப்பதைப் பற்றிப் பேசாதார் இல்லை. குழந்தைகளையும் அது பீடிக்கிறது என்பதை நினைப்பவரோ மிகச் சிலர். உலகத்தில் வருஷந்தோறும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இந்நோய்க்கு ஆளாகிறார்கள். அவர்களில் பெருந்தொகையினருக்கு நோய் இன்னதென்று கண்டுபிடிக்கப்படுவதேயில்லை.

கண்டுபிடிக்கப்படாமைக்குக் காரணம் உண்டு. நமது கிராமங்களில் ஒரு குழந்தை நாளுக்கு நாள் மெலிந்தால், தாய் மறுபடியும் கருவுற்றிருக்கிறாள், ஆகவே இது சவலை என்பார் ஒருவர். கணை என்பார் மற்றொருவர். தோஷம் என்று வேப்பிலை அடிக்கச் சொல்வார் மூன்றாமவர். கழுத்தில் நெறிகட்டி உருண்டு நின்றால் கண்டமாலை என்று பெயரிட்டுப் பற்றுப் போடுவார்கள். இவர்கள் அறிவீனர் என்று நாம் கூறமாட்டோம். கற்றறிந்த வைத்தியரும் இவ்விஷயத்தில் திகைத்தவரே. பெரியவர் இருமிக் கோழையை உமிழ்கிறார். அதைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பூதக்கண்ணாடியால் நோக்கினால் கிருமி புலப்படுகிறது. மூன்று வயதுக் குழந்தை உமிழ்வதில்லை. வந்த கோழையை விழுங்கிவிடுகிறது. கோழை கிடைத்தாலும் அதிலுள்ள கிருமிகள் மிகச் சிலவே. சாட்சியும் இல்லை, தஸ்தாவேஜும் இல்லை, பிரதிவாதியோ வாய் பேசாத சிசு என்றால் வழக்கை எவ்வாறு நடத்துவது? இந்தத் திகைப்புக்கு முதன்முதலாக ஒரு வழி கண்டவர் வியன்னா நகரத்து வைத்தியர் கிளெமென்ஸ் பிர்க்கே. வைத்திய உலகில் அவர் பெயர் பிரசித்தம். நம் நாட்டில் அவருடைய பரீக்ஷையை அறிந்தவர் பலர். அவர் சரித்திரத்தை அறிந்தவர் அரியர்.

பிர்க்கே 1874-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி வியன்னாவை அடுத்த ஹிர்ஷ்ஸ்டெட்டென் என்னும் ஊரில், பிரபு வம்சம் ஒன்றில் பிறந்தார். குடும்பத்துக்கு நிலபுலமும் பட்டமும் இருந்தன. மகனைக் கிறிஸ்தவ மதகுருவாக்க வேண்டுமென்று பெற்றோர் ஆசைப்பட்டனர். அவ்வாறே அவரும் இன்ஸ்புருக் நகரில் வேதசாஸ்திரம் பயின்றார். பின்னர் பெல்ஜியத்திலுள்ள லூவென் சர்வகலாசாலையில் தத்துவம் பயின்று பட்டம் பெற்றார். அதன்பின் இரண்டையும் விடுத்து வைத்தியம் கற்கப் புறப்பட்டார். அக்காலத்துப் பிரபுக் குடும்பங்களில் வைத்தியத் தொழிலுக்குப் பெரிய மதிப்பு இல்லை. அதிலும் குழந்தை வைத்தியத்துக்கு வைத்தியர்களிடையேயும் அதிக மதிப்பு இல்லை. பிர்க்கே இவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1900-ல் கிராட்ஸ் நகரில் வைத்தியப் பட்டம் பெற்று, வியன்னாவில் எஷெரிக் என்ற புகழ்பெற்ற குழந்தை வைத்தியரிடம் உதவியாளராக அமர்ந்தார்.

அங்கே அவர் கண்ணில் பட்டது ஒரு விசித்திரம். தொண்டையடைப்பான் நோய்க்குக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊசி மூலம் ஏற்றுவது அக்காலத்துச் சிகிச்சை. முதல் ஊசிக்குச் சில தினங்கள் கழித்து, சில குழந்தைகளுக்குத் தடிப்பும் காய்ச்சலும் உண்டாயின. அதே குழந்தைக்குப் பல நாள் கழித்து இரண்டாவது ஊசி போட்டால் தடிப்பு உடனே தோன்றியது. மருந்து அதுவே, அளவும் அதுவே. ஆகவே மாறியிருப்பது குழந்தையின் தேகமே என்று பிர்க்கே தெளிந்தார். ஒரு பொருளை முன்பு சந்தித்த தேகம் அதனை மறப்பதில்லை. மறுமுறை சந்திக்கும்போது வேறு விதமாக நடந்துகொள்கிறது. இதைப் பற்றித் தம் தோழர் பேலா ஷிக் என்பவருடன் சேர்ந்து 1905-ல் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த வருஷம் இந்த மாறுதலுக்கு ‘அலர்ஜி’ என்று தாமே ஒரு பெயரையும் சிருஷ்டித்தார். கத்திரிக்காய் தின்றால் அரிக்கிறது என்று இன்று மூலைமுடுக்கெல்லாம் சொல்லப்படும் சொல் அது. அவர் கருதிய பொருள் இதனினும் விரிவானது.

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்வது அவசியம். க்ஷயக் கிருமியைக் கண்டுபிடித்ததாக ஜெர்மானியப் பேராசிரியர் ராபர்ட் கோக் 1882-ம் வருஷம் மார்ச் மாதம் 24-ந் தேதி அறிவித்தார். அவரே 1890-ல் அக்கிருமியிலிருந்து ‘டியூபர்குலின்’ என்ற திரவத்தை வடித்து, இது நோயைக் குணப்படுத்தும் என்று கூறினார். நோயாளிகள் பெர்லினை நோக்கித் திரள்திரளாக ஓடினார்கள். குணமோ உண்டாகவில்லை, சிலர் மாண்டும் போயினர். மகா மேதையின் மருந்து மூலையில் எறியப்பட்டது. அந்த எறியப்பட்ட திரவத்தையே பிர்க்கே கையில் எடுத்தார். குணப்படுத்த அது உதவாது. ஆனால் க்ஷயக் கிருமியை முன்பே சந்தித்த தேகம், கிருமியின் சாரத்தை மறுபடி காணும்போது அடையாளம் கண்டுகொள்ளும் அல்லவா?

1907-ல் அவர் வெளியிட்ட பரீக்ஷை இதுதான். குழந்தையின் முன்கையில் சற்று இடைவெளி விட்டு டியூபர்குலின் இரண்டு துளிகள் வைக்கப்படும். சிறு கருவி ஒன்றினால், முதலில் இரண்டு துளிகளுக்கும் நடுவே, மருந்து படாத இடத்தில், தோலை இலேசாகச் சுரண்டுவார். பிறகு துளி வைத்த இரண்டிடங்களிலும் அவ்வாறே செய்வார். ஓரிரு நாட்கள் கழித்துப் பார்க்கும்போது, மருந்து பட்ட இடங்கள் சிவந்து தடித்திருந்து நடுவிடம் வெறுமனே இருந்தால், தேகத்தில் கிருமி புகுந்திருக்கிறது என்று பொருள். மூன்றும் ஒன்றுபோல் சிவந்தால் அது சுரண்டியதன் விளைவு. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு அந்த நடுக்கீறலின் பெருமை நன்கு விளங்குகிறது. தம் சாட்சியைத் தாமே குறுக்கு விசாரணை செய்யும் நேர்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அடுத்த வருஷமே பிரெஞ்சு வைத்தியர் மான்டூ, அளவிட்ட மருந்தைத் தோலினுள் ஊசியால் ஏற்றும் முறையைச் செம்மைப்படுத்தினார். நம் ஆஸ்பத்திரிகளில் இன்றும் நடைபெறுவது அம்முறையே. ஆனால் மூலக் கருத்து பிர்க்கேயினுடையது.

பரீக்ஷையைக் கண்டதினும், அது சொன்னதை அவர் பொருள் கொண்ட விதமே பெரிதென்று நாம் மதிக்கிறோம். வியன்னாவின் ஏழைக் குழந்தைகளில், வயது ஏற ஏறத் தடிப்புக் காட்டுவோர் தொகையும் ஏறிற்று. வாலிபம் அடையுமுன் மிகப் பலர் கிருமியைச் சந்தித்திருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் ஓடியாடி விளையாடும் சுகதேகிகள். ஆகவே கிருமி புகுவது வேறு, நோய் உண்டாவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். பத்து வயதுச் சிறுவனின் கையிலுள்ள தடிப்பு, எப்போதோ நடந்த சந்திப்பின் வடுவாக மட்டும் இருக்கலாம். கைக்குழந்தையின் கையிலுள்ள தடிப்போ அபாய அறிவிப்பு. அதற்குக் கிருமி சமீபத்தில்தான் வந்திருக்க முடியும். எதிர்க்கும் வலிமையும் அதற்குக் குறைவு. ஒரு வயதுக்குட்பட்ட சிசுவின் உடலில் கிருமி புகுந்து சிகிச்சையும் இல்லாவிடில், ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நோய் முற்றுகிறது என்று பிற்கால ஆராய்ச்சி கூறுகிறது. அவர்களிற் சிலருக்கு மூளையின் சவ்வையே அது தாக்குகிறது.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். தடிப்புக் காட்டி வந்த குழந்தைக்குத் தட்டம்மை கண்டால், அந்த நாட்களில் தடிப்பு மறைந்துவிடுகிறது. நோய் முற்றி உருக்குலைந்த குழந்தையின் கையும் அவ்வாறே மௌனமாகிறது. 1908-ல் அவர் கூறிய இவ்வெச்சரிக்கை நம் ஊர்களுக்கு மிகவும் பொருந்தும். பசியால் வாடி எலும்பும் தோலுமான பிள்ளையின் கையில் தடிப்பில்லை என்பதைக் கொண்டு, க்ஷயம் இல்லை என்று அனுப்பிவிடும் வைத்தியர், சாட்சி மயங்கிக் கிடப்பதைக் கண்டு வழக்கையே தள்ளுபடி செய்யும் நீதிபதியை ஒத்தவர்.

இவை யாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஓர் உண்மை வெளிப்படுகிறது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை கிருமியைத் தேடிப் போவதில்லை. அதைத் தூக்கி முத்தமிடும் யாரோ ஒருவரிடமிருந்தே கிருமி வருகிறது: இருமும் தாத்தா, மில்லிலிருந்து இரவில் திரும்பும் தகப்பன், அல்லது தன் நோயைத் தானே அறியாத தாய். குழந்தையின் கையில் தோன்றும் சிவப்பு, அந்த வீட்டுப் பெரியவர்களைச் சுட்டிக் கேட்கும் கேள்வி. குழந்தைக்கு வைத்தியம் என்பது வீட்டுக்கு வைத்தியம். இருமலோடு கிருமியை வெளியே தள்ளும் வலிமை சிறு குழந்தைகளுக்கு மிகக் குறைவாதலால், அவர்களிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதும் அரிது. இதை அறியாமல் நோயுற்ற குழந்தையைப் பள்ளியில் தனியே உட்கார வைப்பதும், தொற்றின் ஊற்றான பெரியவரை விசாரியாமல் விடுவதும் தலைகீழான நியாயம்.

பரீக்ஷையின் புகழ் பிர்க்கேயை அமெரிக்காவுக்கு இழுத்தது. 1909-ல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் குழந்தை வைத்தியப் பேராசிரியரானார். அங்கே அதிக காலம் தங்கவில்லை. 1910-ல் பிரெஸ்லாவுக்குச் சென்றார். 1911-ல் எஷெரிக் காலமாகவே, வியன்னா அவரை அழைத்து அவருடைய ஆசிரியரின் பீடத்திலேயே அமர்த்தியது.

பின்னர் வந்தது 1914-ம் வருஷத்து மகாயுத்தம். யுத்தம் முடிந்தபோது ஆஸ்திரிய சாம்ராஜ்யம் சிதறிப்போயிருந்தது. தானியமும் நிலக்கரியும் அனுப்பி வந்த பிரதேசங்கள் வேறு ராஜ்யங்களாகிவிட்டன. வியன்னா தலை பெருத்து உடல் இளைத்த நகரமாயிற்று. அந்நகரில் க்ஷயம் முன்பே மிகுதி. வியன்னா நோய் என்றே ஐரோப்பாவில் அதற்கு ஒரு பெயருண்டு. பசி சேர்ந்தவுடன் அது தலைவிரித்தாடியது. டியூபர்குலினால் கிருமியைக் காட்டிக்கொடுக்கலாம். அதைக் கொல்லும் மருந்து அன்று உலகத்தில் எங்கும் இல்லை. பிர்க்கே என்ன செய்தார்? பரீக்ஷைக் கருவியை வைத்துவிட்டு அகப்பையைக் கையில் எடுத்தார்.

அமெரிக்க நிவாரண ஸ்தாபனம் 1919-ல் ஆஸ்திரியக் குழந்தைகளுக்கு உணவளிக்க முன்வந்தது. அதை நடத்தும் பொறுப்பைப் பிர்க்கே ஏற்றார். கையிருப்புக்கு எல்லை உண்டு. கேட்கும் வாய்களுக்கு எல்லையில்லை. எந்தக் குழந்தைக்கு முதலில் கொடுப்பது? சிபார்சைக் கொண்டோ, கந்தையைக் கொண்டோ, தாயின் அழுகையைக் கொண்டோ தீர்மானித்தல் ஆகாது என்று அவர் கருதினார். உட்கார்ந்த நிலையில் குழந்தையின் உயரத்தையும் அதன் எடையையும் ஒப்பிட்டு ஒரு கணக்கு வகுத்தார். குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருப்பவருக்கு முதற் பந்தி. உணவை அளக்கவும் பாலை அடிப்படையாகக் கொண்டு ஓர் அலகு ஏற்படுத்தினார்; ஒரு கிராம் பாலில் உள்ள சத்து ஓர் அலகு. இவ்வாறு லட்சக்கணக்கான குழந்தைகள் தினந்தோறும் உண்டனர். பிச்சையாக நடந்திருக்கக் கூடிய காரியம், அளவுகோல் வைத்த முறையான ராஜாங்க காரியமாயிற்று.

அவரிடம் குறையில்லை என்று சொல்லமாட்டோம். அவருடைய கணக்குகள் சிக்கலானவை. அவற்றுக்கு இட்ட பெயர்கள் வாயில் நுழையாதவை. அவருக்குப் பின் அவை வழக்கொழிந்தன. உணவில் சத்தின் அளவைப் பார்த்தாரேயன்றி, வைட்டமின் என்னும் நுண்பொருள்களின் சிறப்பை முதலில் அவர் நம்பவில்லை. குழந்தைகளின் எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோயும் தொற்றுநோயே என்று எண்ணியிருந்தார். அச்சமயத்தில் ஹாரியட் சிக் என்ற ஆங்கில மாது, தம் கூட்டத்தாருடன் வியன்னாவுக்கு வந்து, மீன் எண்ணெயாலும் சூரிய வெளிச்சத்தாலும் அந்நோய் தீரும் என்று நிரூபிக்க இடம் கேட்டார். நேற்று வரை சத்துரு நாட்டவர். தம் கொள்கைக்கு விரோதமான கொள்கையினர். பிர்க்கே தம் வைத்தியசாலையின் கதவைத் திறந்துவிட்டார். சோதனை அவர் கண்ணெதிரிலேயே வெற்றி பெற்றது. நம் நாட்டில் சுதேச வைத்தியரும் ஆங்கில வைத்தியரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கக் கூசும் நிலையை எண்ணும்போது, இந்தக் காரியத்தின் உயர்வு நமக்குப் புலனாகிறது.

நோபல் பரிசுக்கு அவர் பெயர் ஐந்து முறை பிரேரேபிக்கப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1928-ல் ஆஸ்திரியக் குடியரசின் தலைமைப் பதவிக்கும் அவர் பெயர் அடிபட்டது, அதுவும் கைகூடவில்லை. அவருடைய இல்லறத்தில் மக்கட்பேறு இல்லை. மனைவியார் நெடுங்காலம் நோயுற்றிருந்தார். 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 28-ந் தேதி கணவனும் மனைவியும் ஒருங்கே தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறிட்டவருடைய மனத்தில் இருந்த இருளை அருகிலிருந்தவர் அறியவில்லை. இதற்குமேல் ஊகம் செய்வது நமக்குத் தகாது. அப்போது அவருக்கு வயது 54.

அவர் விட்டுச் சென்ற கேள்விகளில் சிலவற்றுக்கு விடை கிடைத்தது நம் சென்னையிலேதான். 1940-க்குப் பின் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-ல் ஐசோனியாஸிட்டும் வந்தன. கிருமியைக் கொல்லும் மருந்து கைக்கு எட்டியது. ஆனால் மலைக்காற்றும் சானடோரியமும் முட்டையும் பாலும் இல்லாத ஏழைக்கு மருந்து பலிக்குமா என்ற சந்தேகம் இருந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் குடிசையிலும் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. குணம் ஏறக்குறையச் சமமாகவே இருந்தது. அதனினும் வியப்பு, மருந்துண்ணும் நோயாளியோடு வீட்டில் வசித்தவர்களுக்கு அதனால் நோய் அதிகப்படவில்லை. தீங்கெல்லாம் மருந்து தொடங்குமுன்னரே, நோய் இன்னதென்று அறியப்படாத மாதங்களில், நடந்து முடிந்திருந்தது. பிர்க்கேயின் சிவப்புத் தடிப்பு சொன்ன செய்தியும் இதுவே அல்லவா?

உணவைப் பற்றிய விடை வரக் காலம் சென்றது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆராய்ச்சியில், 2,800 நோயாளிகளின் வீட்டார் 10,345 பேர் கவனிக்கப்பட்டனர். சென்னை நிலையமும் அதில் பங்குகொண்டது. நோயாளிக்கு மட்டும் உணவளித்த வீடுகளைவிட, வீட்டார் அனைவருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்த வீடுகளில், புதிதாக நோய் காண்பது 100-க்கு 40 வீதம் குறைந்தது. சோறு மருந்துக்குப் பதிலாகாது. மருந்து சோற்றுக்குப் பதிலாகாது. வந்த நோயைத் தீர்ப்பது முன்னது அன்று, பின்னது. வராமல் தடுப்பதில் சோற்றுக்குள்ள பங்கு இப்போது நிச்சயமாயிற்று. மணியாச்சியிலிருந்து அதிக தூரமில்லாத எட்டயபுரத்தில் காமராசர் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பிள்ளைகள் பள்ளிக்கு வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்தச் சோறு எத்தனை பிள்ளைகளின் நெஞ்சுக்குள் உறங்கிய கிருமியை உறங்கியபடியே இருக்கச் செய்ததோ, யார் கணக்கெடுத்தார்?

இனி, இப்போதைய வழிகளைச் சுருக்கமாகக் கூறுவோம். நம் நாட்டில் பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. ஊசி, சிசுக்களை மூளைச்சவ்வு க்ஷயத்திலிருந்து பெரிதும் காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் நோயை அது தடுக்கவில்லை என்பதைச் செங்கற்பட்டு ஜில்லாவில் 1968-ல் தொடங்கிய பெரும் சோதனை காட்டிற்று. அந்த ஊசியே தோல் பரீக்ஷையில் சில சமயம் பொய்த் தடிப்பை உண்டாக்கும். அக்குழப்பமில்லாத ‘சை-டிபி’ என்ற புதிய தோல் பரீக்ஷை 2022-ல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. கோழை உமிழத் தெரியாத குழந்தைக்குக் காலையில் வெறும் வயிற்றில் குழாய் செலுத்தி இரைப்பை நீரை எடுத்துச் சோதிப்பதுண்டு. மலத்திலிருந்தே கிருமியின் அடையாளத்தைக் கண்டறியவும் இப்போது முடிகிறது. இவை எவையும் கிருமியைக் காட்டாவிடினும், வீட்டில் நோயாளி இருப்பதும், இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலும் காய்ச்சலும், ஏறாத எடையும், எக்ஸ்ரே படமும் ஒத்துப்போனால் வைத்தியர் சிகிச்சை தொடங்கலாம். சிகிச்சைக் காலம் முன்னர் ஆறு மாதம். கடுமையில்லாத நோய்க்கு நான்கு மாதமே போதும் என்று, சென்னை, புனாக் குழந்தைகளும் பங்குகொண்ட ஒரு சோதனை 2022-ல் வெளியிட்டது; உலக சுகாதார ஸ்தாபனமும் அதை ஏற்றது. நீரில் கரையும் மாத்திரைகள் உள்ளன. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை.

மணியாச்சியில் ரயில் பாதை பிரிகிறது. ஒருபுறம் சென்றால் திருநெல்வேலி, மறுபுறம் சென்றால் தூத்துக்குடி. இரண்டிலும் அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் உண்டு; கோவில்பட்டியிலும் அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. தூரம் தடையன்று. தீப்பெட்டி ஆபீசில் ஒருநாள் கூலியை இழந்து குழந்தையைத் தூக்கிச் செல்லத் தாய் தயங்குவதும், க்ஷயக் குடும்பம் என்ற பேச்சு எழுந்தால் பெண்ணுக்கு வரன் வராது என்று பெரியவர் தம் இருமலை மறைப்பதுமே தடை. ஆகவே ஊர்தோறும் சங்கம் வைத்துத் தொண்டு புரியும் நம் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவில் ஒருவர் க்ஷயத்துக்கு மருந்து உண்ணத் தொடங்கினார் என்று தெரிந்தால், அவரைப் பற்றி ஊரில் பேசவேண்டாம். கிராமச் செவிலியை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்று, அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். அக்குழந்தைகளுக்கு நோய் இல்லையென்று வைத்தியர் கண்டால், வராமல் தடுக்க ஆறு மாதம் தினந்தோறும் ஐசோனியாஸிட் கொடுப்பார். இரண்டு வயது கடந்த பிள்ளையானால் வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் கொடுக்கும் வேறு முறையும் உண்டு. நோய் இருந்தால் முழுச் சிகிச்சை தொடங்குவார். போகிற நாளன்றே குழந்தையின் எடையையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் சென்று மறுபடி நிறுத்துப் பாருங்கள்.